உங்கள் கடல் வீட்டில்தான் இருக்கிறது

அன்புள்ள என்னங்க,

பதினேழு வருஷமும் இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது கடிதத்தில் பெயரை எழுதினால் வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அதனால் இதுவே இருக்கட்டும்.

முதலில் நீங்கள் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில். உங்கள் கடல்மீன் தொட்டி இருக்கிறது. ஆறடிக் கண்ணாடி, நம் வத்தேகம வீட்டு ஹோலில், வெயில் படாத சுவரோரம், நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டர் ஓடுகிறது. கோமாளி மீன் இரண்டும் நலம். பவளம் ஐந்தில் இரண்டுதான் உயிரோடு இருக்கிறது. மற்ற மூன்றையும் கொன்றது நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், அழுவதற்கு இல்லை.

அன்றைக்குத் தொட்டிக்கு உப்புப் பை வாங்கக் கண்டிக்குப் போனீர்கள். திரும்பி வர பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பையும் கூடவே வந்தது. அதைப் பார்த்ததும் உங்கள் அண்ணன் முடிவு கட்டிவிட்டார். "இந்தத் தொட்டிதான் என் தம்பிய வாங்கிருச்சு. கல்லத் தூக்குறேன், தண்ணியத் தூக்குறேன்னு நெஞ்சக் கெடுத்துக்கிட்டான்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

அப்படியா? பிரஷர் குளிசையை விழுங்காமல் அலுமாரிக்குப் பின்னால் எறிந்தது தொட்டியா, நீங்களா? வீடு கழுவ அலுமாரியை நகர்த்தியபோது அத்தனையும் கிடைத்தது. கூட்டி அள்ளியவள் நான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவார்கள், டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்புவார்கள். தொட்டியும் கண்ணாடிதானே என்று அதன்மேலும் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். சத்தம் கூடாது என்று ஒருவர் மோட்டரை நிறுத்தப் போனார். உங்கள் தலைமாட்டில் இருந்த நான் எழும்பி, "அதுல கைய வச்சீங்கன்னா பாருங்க" என்று கத்திவிட்டேன். அப்போது அதற்குள் மீன்கூட இல்லை. கல்லும் மணலும் உப்புத் தண்ணீரும்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கல்லில் பிடித்தால்தான் தண்ணீர் பழுக்கும், நடுவில் நின்றால் எல்லாம் அழுகிவிடும் என்று நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரமெல்லாம் சொன்னதுதானே? புருஷன் கிடக்க மோட்டருக்குச் சண்டை போட்டவள் என்று ஊரில் எனக்குப் பெயர். இருக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் முடிந்தது. வருஷம் திரும்பும்வரை வீட்டில் புதிதாக ஒன்றும் தொடங்கக்கூடாது என்றார் அண்ணன். நான் உங்கள் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 'தண்ணீர் பழுத்ததும் மீன் இரண்டு, இறால் மூன்று, பவளத் துண்டு ஐந்து. திகன நாநாவிடம் சொல்லியாச்சு' என்று எழுதியிருந்தீர்கள். சொல்லியாச்சு என்று நீங்கள் எழுதியதை நான் எப்படி அழிப்பது?

திகனயில் கடல்மீன் வளர்க்கிற உங்கள் சிநேகிதர் நாநாவே எல்லாவற்றையும் பாரமில்லாத வெள்ளை ரெஜிஃபோம் பெட்டியில் வைத்து, திரீவீலரில் கொண்டுவந்து இறக்கினார். பவளம் கடலில் உடைத்ததில்லை, அவர் தன் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகள். ஒரு வாரத்தில் பவளம் விரிந்தது. தையல் மெஷினை விட்டுவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மாவின் சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டேன். உங்களை உப்புத்தண்ணிப் பைத்தியம் என்று ஏசியவள்தான்!

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், அதனால் குறைகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். 'பைப் தண்ணீரை ஒரு நாள் வைத்து, மருந்து வாடை போனபிறகு ஊற்று' என்று எழுதியிருந்தீர்கள். எதில் வைப்பது என்று எழுதவில்லை. பிளாஸ்டிக் வாளியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாமியின் செம்புக்குடம் இருந்தது. செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம் இரண்டு பேரையும் மாமி குடிக்கவைத்த குடம். புளி போட்டு விளக்கி, அதில் நிரப்பி வைத்து, தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஊற்றினேன்.

மூன்றாம் வாரம் இறால் மூன்றும் செத்துக் கிடந்தன. பவளம் சுருங்கி, மூன்று துண்டு கரைந்தே போயின. அண்ணன் வந்து பார்த்தார். "நான் சொன்னேன்ல? தீட்டு வீட்டுல உசுரு தங்காதும்மா. திவசத்துக்கு முன்னால இத வெளியேத்திருவோம்" என்றார். சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியது. ஊரோடெல்லாம் சண்டை போட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஞாயித்துக்கெழம லொறியக் கொண்டாங்க" என்றேன். என் கை இனி எதையும் வாழவைக்காத கை என்று நம்பிவிட்டேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை நாநா மீன்களைத் திருப்பி எடுத்துப்போக வந்தார். தொட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மீன் ரெண்டும் நல்லா ஈக்கிது. இறாலும் பவளமும்தான் செத்தீக்கிது. தங்கச்சி, தண்ணில செம்பு ஏதும் பட்டதா?" என்று கேட்டார். நான் குடத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "யா அல்லா, இதுல வச்சா ஊத்தின? மீன் தாங்கும். இதுகளுக்குச் செம்பு நஞ்சு" என்று தலையில் கை வைத்தார். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துத்துளி விட்டுக் காட்டினார். செம்பு இருந்தால் மாறும் என்ற நிறம் மாறியது.

நான் சிரித்தேன். நீங்கள் போனபிறகு முதல்தடவையாக, நாநா பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தேன். ஒரு குடம்! தீட்டு இல்லை, என் கை இல்லை, உங்கள் சாவும் இல்லை.

மறுநாள் அண்ணன் லொறியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். வாசலிலேயே குடத்தை அவர் கையில் கொடுத்தேன். "தீட்டுன்னா மீனையும் சேத்துல்ல கொண்டுபோயிருக்கணும்? கொன்னது இந்தக் கொடம். மாமிக்கு மூத்த மகன் நீங்க, இது ஒங்க வீட்டுல இருக்கட்டும். தொட்டி வராது" என்றேன். நாநா சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் உள்ளே வந்து தொட்டி முன்னால் நின்றார். ஒரு மீன் கண்ணாடியோரம் வந்து அவரைப் பார்த்தது. "திவசத்துக்குள்ள இன்னும் ஒண்ணு செத்துச்சுன்னா நானே ஒடைப்பேன்" என்றார். "ஒடைச்சுத்தான் பாருங்களேன்" என்றேன். லொறியின் முன்சீட்டில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

இப்போது நீல வாளியில்தான் தண்ணீர் வைக்கிறேன். செம்பு போக நாநா கரி போட்டார், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றச் சொன்னார். அதற்கு உப்பு வேண்டுமே? உங்களோடு வந்த பை தையல் மெஷினுக்கு அடியில் கிடந்தது. இத்தனை நாளும் அதைத் தொடமுடியாமல் இருந்தேன். கத்தரிக்கோலால் வெட்டி, உங்கள் கையால் கடைசியாக வாங்கிய உப்பை வாளியில் கரைத்து ஊற்றினேன். நான்காம் நாள் இரண்டு பவளமும் விரிந்தன. உங்களைக் கொன்ற உப்பாம்!

ஒன்று சொல்லி வைக்கிறேன். வருஷத் திவசத்துக்குப் படையலைத் தொட்டிக்கு முன்னால்தான் போடுவேன். ஐயர் வந்தாலும் அண்ணன் வந்தாலும் மோட்டர் நிற்காது. மூடுவதற்கு அந்த வெள்ளைத் துணியைத் தேடுவார்கள், கிடைக்காது. அதை வெட்டி, அழுக்கு வடிகட்டும் பைகளாகத் தைத்துவிட்டேன். உங்கள் கடல் இப்போது அதற்குள்ளால்தான் ஓடுகிறது.

இப்படிக்கு,
குளிசை விஷயத்தில் இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மனைவி