செவலையின் மூக்கில் அறுபத்து மூன்று மரு

வேங்கிக்கால்,
பங்குனி 20

அன்புள்ள வினோதினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம், குதிரை சுகத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. நீ சுகம் என்று போனில் சொன்னாய், குரல் அப்படிச் சொல்லவில்லை, சளி என்றால் சளி என்று எழுது. நீ பேசுவதை அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பதால் இதைத் தாளில் எழுத வேண்டியிருக்கிறது. தீபத்துக்குக் கூடுகிற மாட்டுச் சந்தையில் கறவை மாடு பார்க்கப் போனவர் ஒரு வயதுக் குதிரைக் குட்டியோடு திரும்பிய கதை உனக்குத் தெரியும். விற்ற ஆதிமூலம் அன்றைக்கே தேவைக்கு மேல் சிரித்தான், நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

தை முடியும்போது அந்தக் குட்டி, நம் செவலையின் மூக்கிலும் உதட்டிலும் கடுகு போல மூன்று மரு வந்தது, மாசியில் கொத்தமல்லி விதை அளவுக்குக் கொத்துக் கொத்தாக ஆனது. எனக்கு முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு சரசு மேல். மனிதருக்கு மரு வந்தால் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டி விழ வைப்பது நம் பக்கத்து வைத்தியம் அல்லவா, அவள் தன் கழுத்து மருவுக்கு முடி கேட்டு வந்து, அதே கையால் குட்டியின் மூக்கைத் தடவிவிட்டுப் போனாள். கால்நடை டாக்டர் வந்து பார்த்தது, சின்னப் பெண். இளங்குதிரைகளுக்கு வைரஸால் வருவது, மனிதரிடமிருந்து வராது, மூன்று நாலு மாதத்தில் தானே உதிரும், கிள்ளாதீர்கள், வேறு குட்டிகளோடு வாளியையும் தலைக்கயிற்றையும் மாற்றாதீர்கள் என்றது. மருந்து எதுவும் எழுதவில்லை. முப்பத்தொரு வருடம் அரசாங்க ஆபீசில் இருந்த உன் அப்பாவுக்கு, தாளில் எதுவும் எழுதாத அதிகாரி மேல் நம்பிக்கை வருமா? எனக்கும் வரவில்லை. அந்தப் பெண் சொன்னது பொய் என்று ஆனால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க ஆதாரம் வேண்டுமே என்று, திங்கட்கிழமைதோறும் கண்ணாடி போட்டுக்கொண்டு மருக்களை எண்ணி நோட்டில் எழுதினேன். அறுபத்து மூன்று வரை போனது.

இதற்குள் அப்பா எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறார். செவலையின் வால் முடியையே பிடுங்கி, அதன் உதட்டிலிருந்த பெரிய மருவில் கட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் மருந்தான முடி அதற்கு ஆகாதா என்று நினைத்திருப்பார் போல. மறுநாள் உதடு வீங்கி, குட்டி புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது. ஆதிமூலம் யாரும் கூப்பிடாமலே அன்று வந்தான், சரசு சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். வீக்கத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்தான். உடம்பு முழுக்கப் பரவும், பார்க்கச் சகிக்காது, பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பாவைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினான். உன் அப்பா பயந்துபோய் வெள்ளிக்கிழமை ஓட்டிப் போகச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டார். அவன் போன பிறகு வீக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தேன், முடிச்சு தெரிந்தது. கத்தரித்து எடுத்து மஞ்சள் வைத்தேன். அப்பாவிடம் கேட்டதற்குப் பேப்பரை விரித்துக்கொண்டார். அந்தத் திங்கட்கிழமை எண்ணினேன், நாற்பத்தெட்டு. கண்ணைத் துடைத்து மறுபடி எண்ணினேன், அதேதான். அந்த டாக்டர் பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. மனு வீணாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா கிரிவலம் போகிறேன் என்று கிளம்பினார். பௌர்ணமியும் இல்லை, பங்குனி வெயிலில் பதினான்கு கிலோமீட்டர், காரணம் நான் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஆதிமூலம் லோடு ஆட்டோவோடு வந்தான். நோட்டைக் காட்டி, மரு கம்மியாகிக்கொண்டு வருகிறது, கொடுக்க முடியாது என்றேன். கணக்கில் என்ன இருக்கிறது என்று சிரித்தான், பிறகு குரலை இறக்கி, “சரிம்மா, நீங்க குடுத்த வெலய முழுசாவே குடுத்துடறேன், ஓட்டினு போறேன்” என்றான். எனக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. “பரவற நோய்க்கு முழு வெல குடுக்கறியே, உனக்கு அவ்ளோ தர்ம புத்தி எப்பய்யா வந்துது?” என்று கேட்டேன். வண்டி காலியாகவே திரும்பியது.

அப்பா மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். கொட்டகைப் பக்கம் பார்க்காமலேயே உள்ளே போய்ச் செம்புத் தண்ணீரைக் குடித்தார். அப்போது செவலை கனைத்தது. செம்பைக் கீழே வைத்தார். வெளியே போய்க் குட்டியின் வாளியை எடுத்து, சாம்பல் போட்டு, ஏற்கனவே சுத்தமாக இருந்ததை ரொம்ப நேரம் தேய்த்தார். முகம் நனைந்திருந்தது. என்னங்க என்றேன். “வெயில் ஜாஸ்தி, வேர்க்குது” என்றார். நான் நம்பவில்லை.

போனில் பேசும்போது குதிரையைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, அவரே சொல்லட்டும். கஷாயம் வைத்துக் குடி, காதை மூடாமல் வெளியே போகாதே. அண்ணாமலையார் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
இரா. ரேணுகாம்பாள்