தகரத்துக்கு அடியில் இருந்த விலை

கடல் கடந்து உழைக்கும் என்னவருக்கு, கடைக்கும் மகளுக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டிருப்பவள் எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. தொழிற்சாலையில் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். சரக்கைக் காட்டிவிட்டு விலை சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

சோப்புக்கு அரசாங்கம் விலை வைக்கும் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இனி அவரவர் சரக்குக்கு அவரவர் விலை. வானொலியில் கேட்டும் நான் நம்பவில்லை. மறுநாள் காலை எதிர்க்கடை மீசைக்காரர் தன் வாசலில் அரசாங்க விலை எழுதி ஆணியடித்திருந்த தகரத்தைப் பிடுங்கி, அதையே மேளம் மாதிரித் தட்டிக்கொண்டு, "தங்கச்சி, இன்னிக்கு உன் சோப்பு என்ன விலை? சொல்லு பார்ப்போம்!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூவினார்.

கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்று இந்தக் கடையைப் பிடித்தவள் நான். ஆனால் இத்தனை வருடமாக அரசாங்க ஒதுக்கீட்டில் வந்த சோப்பை, யாரோ எழுதிக்கொடுத்த விலைக்குக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லி விற்று, வாயால் ஒரு விலை சொல்வதே மறந்துபோயிருக்கிறது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்ன வெட்கமாக இருந்தது தெரியுமா!

அந்தப் பழைய காலைகள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? கடை திறந்ததும் கரும்பலகையைத் துடைத்து அன்றைய விலையை எழுதுவீர்கள். மீசைக்காரர் அங்கிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தன் விலையைக் கொஞ்சம் இறக்குவார். நீங்களும் துடைத்து எழுதுவீர்கள். உடனே அவர் சோப்பு வெட்டும்போது மிஞ்சிய துண்டு ஒன்றை இனாமாகத் தருவதாகக் கூவுவார். நான் விடுவேனா? "அவர் சோப்பு ரெண்டு தேய்ப்புல அவர் மீசையை விட மெலிஞ்சுடும்" என்று படியில் நின்று கத்துவேன். வாங்க வந்தவர்கள் பையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே மலிவோ அங்கே போகலாம் என்று நடுத்தெருவில் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். மதியம் அதே மனிதர் நம் பின்கட்டில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் எண்ணெய் கைமாற்றுக் கேட்பார். யாரும் கெட்டுப்போகவில்லை. நாம் சோப்புக் காய்ச்சும் அண்டா நாளுக்கு ஒரு தடவை கூடுதலாகக் கொதித்தது, அவ்வளவுதான்.

சட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் போட்டார்கள். இல்லாதவனுக்கும் சோப்பு கிடைக்க வேண்டும் என்றார்கள். முதல் வாரம் நானும் சந்தோஷப்பட்டேன், அத்தனை கூட்டம்! ஆனால் சோப்பின் விலையைக் கட்டிப்போட்டவர்களால் எண்ணெய் விலையைக் கட்டிப்போட முடியவில்லை. ஒவ்வொரு கட்டியோடும் நம் கைக்காசையும் தாளில் சுற்றிக் கொடுத்தோம். மற்றவர்கள் சுண்ணாம்புப் பொடி கலந்தார்கள். உங்களையும் கலக்கச் சொன்னபோது, "அப்புறம் ஜனங்க குளிச்ச மாதிரியா இருக்கும், சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரில்ல இருக்கும்" என்று அண்டாவைக் கவிழ்த்தீர்கள். மகள் அப்போது தொட்டிலில். அந்த மாதமே கப்பலேறினீர்கள். கொஞ்ச நாளில் கடைகளில் சோப்பே இல்லை, எப்போதாவது வரும் ஒதுக்கீட்டுக்கு நீள வரிசைதான். விலையைச் சோதிக்க வரும் அதிகாரியே ஒருநாள் பின்வாசலில் வந்து, ஒரே ஒரு கட்டி கிடைக்குமா அம்மா என்று தலையைச் சொறிந்தார். அவரை என்ன சொல்வது, அவர் வீட்டிலும் துணி அழுக்காகத்தானே செய்யும்!

இப்போது அண்டாவை நிமிர்த்திவிட்டேன். முதல் காய்ச்சலில் சோடாக் காரம் அடங்கிவிட்டதா என்று பார்க்க, உங்களைப் போலவே நாக்கு நுனியில் தொட்டு வைத்தேன். நாக்கு வெந்துவிட்டது. இரண்டு நாள் பேச்சில்லை. "இப்பதான் தெரு நிம்மதியா இருக்கு" என்றார் மீசைக்காரர். இரண்டாவது காய்ச்சல் நன்றாக இறுகிவிட்டது. வாசலில் நின்று ஒரு விலையைச் சொன்னேன். அவர் உடனே அதற்குக் கீழே ஒன்று சொன்னார், நான் திருப்பிக் கொடுத்தேன். நம் மகள் பயந்துபோய், "அம்மா, அந்த மாமா ஏன் உன்கூடச் சண்டை போடுறாரு?" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், பிறந்ததிலிருந்து வரிசையில் நிற்கிற தெருவைத்தான் பார்த்திருக்கிறாள். சண்டையில்லை, வியாபாரம் இப்படித்தான் இருக்கும் என்றேன்.

பயம் இல்லாமலில்லை. வெளிச்சரக்கு பளபள தாளில் வந்து இறங்குகிறது. மூலைக்கடைக்காரர் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடிவிட்டார். நாளை நமக்கும் அடி விழலாம். விழுந்தால் நான் சொன்ன விலையில் விழட்டும். எழுந்திருக்கும் வழியும் எனக்கே தெரியும்.

இனி, கேட்டதற்கு வருகிறேன். நம் வாசலில் இருந்த தகரத்தையும் கழற்றினேன். அடியில் உங்கள் கரும்பலகை. அதில் நீங்கள் கடைசியாக எழுதிய விலை, சுழித்துப் போடுவீர்களே அந்த எண், ஒரு கோடு கலையாமல் அப்படியே இருந்தது. வெயிலும் மழையும் படாமல் சட்டமே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, வேடிக்கையைப் பாருங்கள். இப்போது வருகிறவர்கள் எல்லாம் அதைக் காட்டி அந்த விலைக்கே கேட்கிறார்கள். "வள்ளல் கடை, ஓடியாங்க!" என்று மீசைக்காரர் வேறு ஆள் பிடித்து அனுப்புகிறார். அந்த விலைக்குக் கொடுத்தால் கடையை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மூன்று தடவை போனேன். துடைக்கக் கை வரவில்லை. பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடி, விலையை வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்து உங்கள் கை, உங்கள் இஷ்டம். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பேரம் பேசுகிறவள் இதற்கு மட்டும் பேசமாட்டேன். ஆனால் பலகை இல்லாத கடை எத்தனை நாள் நடக்கும்? அந்த எண்ணை எழுதியவர்தான் அழிக்க வேண்டும். முக்காலியில் ஏறி, சுண்ணாம்புக் கட்டியைப் பலகைச் சட்டத்தின் மேலேயே வைத்திருக்கிறேன், உங்கள் கைக்கு எட்டும் உயரத்தில். எனக்கு எட்டாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தினமும் விலை கூவித் தொண்டை கட்டிய,
உங்கள் மனைவி