பசுவின் பங்கு

1931 ஜூலை 6, திங்கள்

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மழை இல்லை. மேற்கே மலைமேல் மேகம்.

நேற்றுக் கோயிலில் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதத்தான் வேண்டும். ஜெபத்துக்கு முழங்காலிட்ட என்னால் ஆமென் சொன்ன பிறகு எழ முடியவில்லை. கால்கள் என்னுடையவையாகவே இல்லை. எல்லாரும் உட்கார்ந்த பின்பும் நான் மட்டும் பெரிய பக்தனைப்போல முழங்காலில் நின்றேன். கடைசியில் என் மகன் ரசலையனும் சபை மூப்பர் ஞானதாசனும் ஆளுக்கொரு கையாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

"வயசாச்சுல்லா வே. இனி பெஞ்சிலே இருந்தே ஜெபிச்சா போரும். கர்த்தர் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றார் ஞானதாசன். அவருக்கு எழுபது. எனக்கு அறுபத்தெட்டு.

ஜூலை 7, செவ்வாய்

கணுக்காலில் பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. அறுபதுவரை எண்ணியும் நிரம்பவில்லை.

பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ஒரு மாதப் பத்திரிகையிலிருந்து நான் கத்தரித்து வைத்தது. தவிடு முழுதும் போகும்படி தீட்டிய அரிசியையே தின்பவர்களுக்குக் கால் வீங்கி மரத்துப்போகும். மருந்து அந்தத் தவிட்டிலேயே இருக்கிறது. இந்நோய் கண்ட தாயின் பாலைக் குடிக்கும் பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில் குரல் போய், பிறகு உயிரும் போகலாம் என்று இருக்கிறது. தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் தேதி: 1930 ஜனவரி 19.

ரசலையனின் முதல் பிள்ளையை அடக்கம் செய்தது அதே வருஷம் ஏப்ரல் 23. கடைசி வாரத்தில் அது வாயைத் திறந்து அழும். சத்தம் வராது.

நான் ஏன் சொல்லவில்லை? மருத்துவம் படித்தவனா நான்? மராமத்து இலாகாவில் முப்பத்துநான்கு வருஷம் படம் வரைந்தவன். மேலே இருப்பவர்கள் காட்டிய இடத்தில் கோடு போட்டவன். தாளைப் பத்திரமாக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

மருமகள் ஜெபகுமாரிக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

ஜூலை 9, வியாழன்

ரசலையன் கோட்டாற்றில் ஓர் அரிசி மில்லில் மேற்பார்வை பார்க்கிறான். மூன்று வருஷமாக வீட்டுக்கு வருவது இரண்டு தரம் தீட்டிய பச்சரிசி. மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். ஜெபகுமாரி அதை நாலு தண்ணீரில், கண்ணாடிபோலத் தெளியும்வரை கழுவுவாள். அப்படிக் கழுவினால்தான் நல்ல வீட்டுப் பெண். கழுவிய தண்ணீர் பசுவுக்கு. வடித்த கஞ்சி பசுவுக்கு. மில்லிலிருந்து வரும் தவிடும் பசுவுக்கு.

இந்த வீட்டில் கால் நன்றாக இருப்பது பசுவுக்குத்தான்.

இன்று தொடங்கிவிட்டேன். திட்டம்: பன்னிரண்டு வாரம். தினமும் புதுத்தவிடு இரண்டு கை, சலித்து, வறுத்து, கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து. காலையில் தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைவது. கணுக்காலை நூலால் சுற்றி அளப்பது. குந்தியிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்ப்பது. இன்று முடியவில்லை.

தவிட்டை எடுக்கும்போது பசுவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 15, புதன்

பழைய பூதக்கண்ணாடியைத் துடைத்துத் தவிட்டைப் பார்த்தேன். தூசி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு செதில். தேன்நிறம், ஓரம் சிவப்பு, மீன்செதிலில் இருப்பதுபோல மெல்லிய வரிகள். வெயில் ஊடுருவியபோது கை தானாகவே பென்சிலைத் தேடியது. ஒரு செதிலை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வரைந்தேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கோடுகூட நான் ஆசைப்பட்டுப் போட்டதில்லை. இன்று மத்தியானச் சோற்றையே மறந்துவிட்டேன்.

நிழல் சரியாக விழவில்லை. நாளை மறுபடி வரைய வேண்டும்.

ஜூலை 26, ஞாயிறு

ரசலையனிடம் அகப்பட்டேன். வறுத்த மணம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இது என்னத்துக்குப்பா செய்யுதிய? மில்லுலே வேலை பாக்குதவனுக்க தகப்பன் தவிடு திங்காருன்னு தெரிஞ்சா கோட்டாறு முழுக்கச் சிரிக்கும். எங்க மில்லு அரிசியை எவன் வாங்குவான்?"

நான் தவிட்டைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அவனுக்குக் கோபம் கூடிற்று. "பசுவுக்க தொட்டிப் பக்கத்திலே ஒங்களுக்கும் ஒரு எலை போடச் சொல்லட்டா?"

"போடு மக்கா. நாளைக்கும் திம்பேன்" என்றேன்.

யார் சொன்னது அது? என் வாயிலிருந்துதான் வந்தது. சொன்ன பிறகு இன்றைய நூல் அளவை எடுக்கவே மறந்துவிட்டேன்.

ஆகஸ்டு 11, செவ்வாய்

கணுக்கால் அரை அங்குலம் குறைவு. மூன்று தடவை அளந்தேன்.

ஆகஸ்டு 23, ஞாயிறு

குந்தியிருந்து எழுந்தேன். ஒரு கை முழங்காலில் இருந்தது. ஆகவே இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 2, புதன்

அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஜெபகுமாரி எழுந்ததைப் பார்த்தேன். என் கால் எப்படி மறுத்ததோ அப்படியே அவள் காலும். இன்னும் நாலு வாரம் கழித்து, சோதனை முடிந்தபின் சொல்ல வேண்டும் என்பது திட்டம். திட்டத்தைத் தூக்கிப் போட்டேன். பிள்ளை காத்திருக்குமா?

ஆனால் சொன்ன விதம்! பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல அரிசி, தவிடு, தாய்ப்பால், மூன்றாம் மாதம் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிறுத்தியபோது கேட்டாள்:

"அப்பம் அந்தப் பிள்ளையை நாந்தான் கொன்னேன். அதுதானே மாமா சொல்லுதிய?"

ஐயோ, இல்லை மகளே, இல்லை — இதைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் மரம்போல நின்றேனே. கொன்றது நீயா? தெரிந்தும் தாளைப் பெட்டியில் பூட்டி வைத்தவன் அல்லவா நான்!

செப்டம்பர் 8, செவ்வாய்

அவள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போகிறாள். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தவிட்டை அதன்மேலேயே தூவித் தின்றேன், அவள் பார்க்கும்படியாக.

செப்டம்பர் 21, திங்கள்

நேற்று அறுப்பின் பண்டிகை. இன்று கோயில் முற்றத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். ஏத்தன் வாழைக்குலை, பூசணி, கோழி. முன்னால் ரசலையன் கொடுத்த அரிசி மூட்டை, வாய் திறந்து, வெள்ளையாக. அதன் அருகில் நான் ஒரு சட்டி தவிடு வைத்திருந்தேன். என் வீட்டில் வீணாகிற முதற்பலன் அதுதான். நேற்றுப் பார்த்தவர்கள் யாரோ தவறாக வைத்ததென்று நினைத்தார்கள் போலும்.

ஞானதாசன் சட்டியைத் தூக்கினார். "அடுத்தது தவிடு! வே யேசுரத்தினம், ஒம்மது தானா? காணிக்கைப் பசுவை எங்க வே, வெளியிலே கெட்டிப் போட்டிருக்கீரா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ரசலையன் தரையைப் பார்த்தான். ஜெபகுமாரி பெண்கள் பக்கம் தலை குனிந்திருந்தாள். பேசுவதற்காக நான் எழுதி வைத்த துண்டுக் காகிதம் சட்டைப்பையில் இருந்தது. வேர்வையில் ஊறிப் போயிருந்தது. பேச்சை விட்டேன்.

முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு குந்தினேன். எழுந்தேன். மறுபடி குந்தினேன். எழுந்தேன். மூன்றாம் தடவை முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது, எல்லாருக்கும் கேட்டிருக்கும். எழுந்தேன்.

"மூப்பரே, ஜூலை அஞ்சாந்தேதி நீரு என்னைத் தூக்கி விட்டீருல்லா. இந்தச் சட்டியிலே உள்ளதைத் தின்னுதான் இப்பம் எழும்புதேன். நீரும் ஒருக்கா இருந்து எழும்பும், பாப்போம்."

"எனக்கு வாதம் உண்டு வே" என்றார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பிற்று.

ஆனாலும் தவிட்டை ஒருவரும் கேட்கவில்லை. அரிசி மூட்டைக்குப் போட்டியாகக் கேட்டார்கள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தேன். சந்து வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

காலில் நோவு. ஊரெல்லாம் பார்க்கக் கோமாளிபோலக் குந்தி எழுந்தேனே என்று வெட்கம். இருந்தாலும் வருத்தம் இல்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

இன்னொன்று மிச்சம் இருந்தது, நேற்றையதைவிடக் கடினமானது. அந்தப் பத்திரிகைத் தாளை ஜெபகுமாரியின் கையில் கொடுத்தேன். ஓரத்துத் தேதியைக் காட்டினேன். "பிள்ளை இருக்கும்போதே படிச்சேன். பயந்து சொல்லல்லே. குத்தம் எனக்குத்தான், மக்களே" என்றேன். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நின்றபடியே கடைசிவரை படித்தாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். இனி அவள் என்னை வெறுக்கட்டும். தன்னை வெறுக்காமல் இருந்தால் போதும்.

செப்டம்பர் 25, வெள்ளி

பாதம் வரையத் தாளை எடுத்தேன். அதில் ஏற்கெனவே ஒரு ஜோடிப் பாதம் இருந்தது. சிறியது, வலது குதிகாலில் கோடு வழுக்கியிருக்கிறது — வயிற்றோடு குனிந்து வரைந்திருக்கிறாள். கீழே தேதி, கணுக்கால் அளவு, எல்லாம் என் முறைப்படியே.

பசு காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது. அரிசியை ஒரு தண்ணீரில் கழுவுவதோடு நிறுத்திவிட்டாளாம், கஞ்சியையும் வடிக்கவில்லையாம்.

அக்டோபர் 12, திங்கள்

மாலையில் ரசலையன் மில்லிலிருந்து ஒரு சாக்கு புதுத்தவிடு கொண்டுவந்தான். என் முகத்தைப் பார்க்காமல் "பசுவுக்கு" என்றான். தொழுவத்தைத் தாண்டிப் போய்ச் சாக்கை அடுக்களையில் இறக்கினான்.

1932 பிப்ரவரி 16, செவ்வாய்

பேத்திக்கு மூன்று மாதமும் ஆறு நாளும். விடிந்ததிலிருந்து ஒரே அழுகை; ஒரு வரி எழுத விடவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இது என்ன தொண்டை வே! தெருமுக்கு வரைக்கும் கேக்குது" என்றார்.

வழக்கமாக நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். "நல்லாக் கேளும்" என்றேன்.