நாபோரின் பாட்டில் வார்த்தை இல்லாத இடம்

அன்பு மகன் லியோபார்தோவுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம், உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று மாதாவின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாதாமாதம் பணம் வருகிறது, போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இந்த வருஷம் சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்துவிட்டது. அப்பாவுக்கு முதுகு நிமிரவில்லை, சாம்பல் கழுதையை விற்றுவிட்டோம். ரொட்டி தட்டும்போது இன்னும் நாலு பேருக்குத்தான் மாவு எடுக்கிறேன், கை கேட்கமாட்டேன் என்கிறது.

உன் தம்பி நாபோரின் கதையைப் பாட்டாய் ஒரு கொரிதோ கட்டித்தரச் சொல்லி பாட்டுக்காரர் க்ரிஸ்பின் அண்ணனிடம் கேட்டிருந்தேன். உடம்பு கிடைக்கவில்லை, கல்லறை இல்லை, பாட்டாவது இருக்கட்டும் என்று. உன் தாத்தா வடக்கே தண்டவாளம் போடப் போய் எந்த ஊரில் செத்தார் என்பதே அவர் கொரிதோவைப் பாடித்தானே நமக்குத் தெரியும். க்ரிஸ்பின் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, முதல்ல நாளும் இடமும் வரணும் தங்கச்சி, கடைசியில அவன் வாயால சொன்ன பிரியாவிடை வரணும், இது ரெண்டும் இல்லாட்டி அது கொரிதோ இல்ல, குடிகாரன் முனகல் என்றார். எங்களுக்கு என்ன தெரியும், போன வருஷம் ஜூன் மாதம், எல்லைக்கு அந்தப்பக்கப் பாலைவனம், அவ்வளவுதான். மிச்சத்தை அவரே போட்டுக்கொண்டார்.

சந்தியாகப்பர் திருவிழாவில் ஊர் முன்னால் பாடினார். நாபோர் கைத்துப்பாக்கியோடு எல்லைக் காவலர்களை எதிர்த்து நின்றானாம், குண்டு பட்டு விழுந்தானாம், நீ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பொழுது சாயும்வரை நடந்தாயாம். ஆண்பிள்ளைகள் தொப்பியை வீசிக் கத்தினார்கள். நீ தூக்கிக்கொண்டு நடந்த இடம் வந்தபோது நான் எழுந்துபோய்க் கிடார் தந்தியின் மேல் கையை வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு பிரிஹிதா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பெத்த புள்ளைக்குப் பாடுறதையே நிறுத்துற அம்மாவ இப்பத்தான்டி பாக்குறேன் என்றாள். ஒரு வருஷமாய் வாய் திறக்காத உன் அப்பா, அவனா துப்பாக்கி புடிச்சான், பட்டாசு வெடிச்சா கழுதைக்குப் பின்னால ஒளியுற பய என்று சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

மகனே, உங்களோடு நடந்த நம் ஊர்ப் பையன் தாசியோ திருப்பி அனுப்பப்பட்டு வந்தபோது எங்களிடம் சொல்லிவிட்டான். நாபோர் ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான், நீ அவன் பக்கத்தில் குனிந்து ஏதோ கேட்டாய், பிறகு எழுந்து மற்றவர்களோடு நடந்தாய் என்று. எனக்கும் அப்பாவுக்கும் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. ஏன் விட்டுவந்தாய் என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நீயும் உட்கார்ந்திருந்தால் எனக்குக் கல்லறை இல்லாத பிள்ளைகள் இரண்டாகியிருக்கும். போன நவம்பரில் இறந்தவர்கள் வரும் நாளில் எல்லார் வீட்டிலும் செத்தவர் படத்துக்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீர்தான் இருந்தது, நான் நாபோருக்குக் குடத்தோடு வைத்தேன்.

பிறகு க்ரிஸ்பின் கோபமாய் வீட்டுக்கு வந்து, செத்தவன அழகா சாகவிட்டா உனக்கென்ன நோவு என்றார். அவன் அழகா சாகலண்ணே, தண்ணியில்லாம செத்தான், அதைப் பாடுங்க என்றேன். பாட்டில் வந்த துப்பாக்கியை எடுத்துவிட்டார். நீ தூக்கிவந்ததையும் எடுக்கச் சொன்னேன், ஏன் என்று கேட்டார், சொல்லவில்லை. இப்போது பாட்டில் ஜூன் மாதமும் முள்மரமும் தாகமும் இருக்கிறது. விடை சொல்லும் இடம் வந்தால் க்ரிஸ்பின் வாயை மூடிக்கொண்டு தந்தியை மட்டும் மீட்டுகிறார். அங்கே ஊரே என்னைப் பார்க்கிறது.

நவம்பர் வருகிறது, அன்றைக்கு அவர் நம் வாசலில் பாடுவார். அதற்குள் போன் பண்ணு. நீ குனிந்தபோது தம்பி என்ன சொன்னான். என்னைக் கூப்பிட்டானா. உன்னைச் சபித்திருந்தாலும் அதையே பாடட்டும், பாட்டில் இருந்தால் நாம் எல்லாருமாய்ச் சேர்ந்து சுமக்கலாம், உனக்குள்ளேயே வைத்திருந்தால் நீ ஒருத்தன்தான் சுமக்கவேண்டும். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அதையும் சொல்லு.

மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். வேலைக்குப் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ, மறக்காதே.

இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா,
பெத்ரோனிலா