மார்த்தாளைச் சுட வந்த சிலுவை

என் அக்காச்சிக்கு,

அங்கே உனக்கு நிழல் இருக்கிறதா? உன் கல்லறைத் தலைமாட்டில் நாங்கள் நட்ட வேப்பங்கன்றை ஆடு கடித்துப்போட்டதாம். அத்தான்தான் வந்து சொன்னார். ஆட்டைக் கலைக்கவில்லையா என்று கேட்டேன். "கல்லெடுத்து எறிஞ்சால் உன்ரை அக்கா எழும்பி வந்து என்னை ஏசுவாள்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம். ஆனால் அழுவதற்காக நான் இதை எழுதவில்லை அக்கா. வந்திருக்கிற கோபத்தை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

உன் மாடு மார்த்தாளை அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டார்கள். உன் ஆத்துமத்துக்காகவாம். உன் முப்பத்தோராம் நாளன்று கோயில் வளவில் அவளை விழுத்திக் கட்டி, விலாவில் சிலுவைக் குறி சுடுவதென்று முடிவு செய்தார்கள். அந்தக் குறிசுடுதலை நிற்பாட்டுங்கோ என்று வீடு வீடாக, படலை படலையாகப் போய்க் கெஞ்சினவள் நீ. உன் பேராலேயே, நீ கையில் பால் பருக்கி வளர்த்த நாகு மாட்டுக்குச் சூடு! கேட்டவுடன் எனக்கு வந்த விசருக்கு அளவில்லை.

நேர்ந்தது அத்தான்தான். நீ நினைவில்லாமல் கிடந்த அந்தக் காய்ச்சலில், "அந்தோனியாரே, இவளை எழுப்பிவிடும், மார்த்தாளை உமக்குத் தாறன்" என்று படத்துக்கு முன்னால் விழுந்து கத்தியிருக்கிறார். நீ எழும்பவில்லை. புனிதர் தன் பங்கைச் செய்யவில்லையே, பிறகென்ன நேர்த்தி என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான். ஆனாலும் கேட்டேன். அத்தான் பாவம். நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் உன் ஆத்துமத்துக்கு ஆகாது என்று அவரை ஏற்றிவிட்டதெல்லாம் மூப்பர்.

மூப்பரைப் பற்றி உனக்கு நான் சொல்லவா வேணும்? சுவாமியார் முல்லைத்தீவிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருகிறார். மற்ற நாளெல்லாம் எங்கள் ஓலைக் கோயிலில் செபம் சொல்லுகிறவரும் அவர்தான், சட்டம் சொல்லுகிறவரும் அவர்தான். நீ மார்த்தாள் என்று பேர் வைத்த அன்று, "வேதப் பேரை மாட்டுக்கு வைக்கலாமோ?" என்று சண்டைக்கு வந்த மனிதன்! பேர் வைத்தால் பாவம், சிலுவையைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டால் புண்ணியம். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்று சைவச் சனங்கள் சொல்லுவது சும்மாவா?

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். குறியில்லாத மாடு காட்டுக்குள் போனால் கள்ளனுக்குத்தான். காதில் மட்டும் சின்னதாக வெட்டுக்குறி போட்டு நீ விட்ட வெள்ளைப் பசு கனகராயன்குளக் காட்டோடு போனதுதான், திரும்பி வரவில்லை. "பிலோமினாவின்ரை காதுக்குறியைக் கள்ளன் வடிவாப் பாத்திருக்கிறான்" என்று பூசை முடிந்து எல்லாரும் நிற்க மூப்பர் பகிடி விட்டார். ஊரே சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாயே, ஏன் அக்கா? எனக்கு அது இன்னமும் ஆறவில்லை.

வரும் வழியில் நீ சொன்னாய்: "போன மாடு போயிட்டுது தங்கச்சி. அதுக்காக இருக்கிறதுகளைச் சுடச் சொல்லுறியோ?" அன்றிலிருந்து பொழுதுபடமுன் நீயே காட்டோரம் போய் எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டிக்குள் அடைத்தாய். கால் வீங்கின நாளிலும் போனாய். இப்போது நான் போகிறேன். என் சத்தத்துக்கு அவை திரும்பியும் பார்ப்பதில்லை, உன் சத்தத்தைத்தான் தேடுகின்றன.

ஒவ்வொரு அந்தோனியார் பெருநாளும் முடிந்தபிறகு, சூடுபட்டதுகளுக்கு மருந்து போடுகிற வேலை யாருடைய வீட்டில்? எங்கள் வீட்டில்தானே. நேர்த்தி கொடுத்தவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முழங்கை நீளத்துக்குச் சுட்ட புண்ணில் இலையான் மொய்க்கும், புழு வைக்கும். வேப்பெண்ணெய்ப் போத்தலோடு நீ அலைவாய். போன பெருநாளில் சுட்ட கன்று உன் மடியில் தலையை வைத்துக்கொண்டு செத்ததே, அதற்கு மூப்பர் என்ன சொன்னார்? "அது ஆண்டவரிட்டைப் போயிட்டுது." கோதாரி பிடித்த கதை!

நீ மட்டும் ஏன் இவர்களோடு சத்தம் போடவே இல்லை? ஓய்வுநாள் எருதுக்கும்தான் என்று சொல்லிக்கொண்டு, வண்டில் கட்டாமல் அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்து பூசைக்கு வந்தாய். மற்றவர்கள் வண்டிலில் உன்னைக் கடந்து புழுதி கிளப்பிக்கொண்டு போனார்கள். நடந்து காட்டினால் அவர்களுக்கு விளங்கும் என்று நினைத்தாயா? விளங்கவில்லை அக்கா. அதனால்தான் இந்தமுறை உன் வழியை விட்டுவிட்டு நான் என் வழியில் போனேன்.

உன் முப்பத்தோராம் நாள் செபம் முடிந்ததும் கோயில் வளவில் வீரை விறகு மூட்டினார்கள். மார்த்தாளின் நாலு காலையும் கட்டி விழுத்தினார்கள். தலைக்கயிற்றை அத்தான் பிடித்திருந்தார், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு. அவள் கத்தவில்லை. கண்ணை உருட்டி உருட்டி ஆளாளாகப் பார்த்தாள். உன்னைத்தான் தேடினாளோ என்னவோ. எனக்கு அதுக்குமேல் பொறுக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நெருப்புக்குள்ளிருந்து குறிக்கம்பியை நானே எடுத்தேன். அதை நேரே மூப்பரின் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"மூப்பர், பெரிய வெள்ளிக்கிழமையிலை முழங்காலிலை வந்து சிலுவையை முத்தி செய்யிறனீங்கள்தானே? இதுவும் சிலுவைதானே. வாய் வைச்சு முத்தி செய்யுங்கோ."

"உனக்கென்ன விசரே? இரும்பு பழுத்துப்போய்க் கிடக்கு!"

"ஓம், பழுத்துத்தான் கிடக்கு. உங்கடை சொண்டுக்குச் சுடும், அவளின்ரை விலாவுக்குச் சுடாதோ?"

"அது மாடடி!"

"ஆண்டவர் பிறந்த கொட்டிலிலை ஆர் நிண்டது? மாடுதானே? பாலனுக்குக் குளிராமல் மூச்சு விட்டதுகள் எண்டு நத்தாருக்கு நத்தார் நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? அந்த நன்றிக்கோ சுடுறியள்? ஆண்டவர் சிலுவையைத் தன்ரை முதுகிலைதான் சுமந்தவர். ஆரின்ரை முதுகிலையும் சுட்டவரில்லை."

கடைசியில் சொன்னது உன் வசனம். நீ எனக்கு மட்டும் மெல்லமாகச் சொன்னதை நான் ஊர் கேட்கக் கத்தினேன். மூப்பர் ஒரு அடி பின்னால் போனார். அத்தான் கயிற்றை விட்டுவிட்டார். பிறகு குனிந்து கால்கட்டை அவிழ்த்தார். நான் கம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். அது சீறின சீற்றத்துக்கு மார்த்தாள் எழும்பி ஓடினாள் பார், வயல்வெளி தாண்டும்வரை நிற்கவில்லை.

மூப்பர் சும்மா விடுவாரா? "கொக்கா பிலோமினாவின்ரை பேர் இனி இந்தக் கோயில் பூசையிலை வராது" என்றார். சுவாமியார் வந்த ஞாயிறு, சொன்னபடியே செய்தார். பூசை இப்போது தமிழில், உனக்குத் தெரியாதே! லத்தீனிலே என்றால் எங்களுக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. இப்போது ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது, யாரை விட்டார்கள் என்பதும் விளங்குகிறது. மரித்தவர்களின் பேரையெல்லாம் மூப்பர் வாசித்தார். நீ இல்லை. அக்கா, இரும்பை நீட்டினபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. என் கோபத்துக்கு உன் ஆத்துமமா கூலி கொடுக்கிறது?

எழும்பினேன். "பிலோமினா!" என்றேன். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சுவாமியாரும் பார்த்தார். மூப்பர் தொண்டையைச் செருமினார். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து, கரகரத்த குரலில், இன்னொருமுறை உன் பேர் கேட்டது. அத்தான் எழும்பி நின்றார். வாழ்நாளில் மூப்பரை எதிர்த்து ஒரு சொல் சொல்லியறியாத மனிதன், அக்கா! சுவாமியார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பிலோமினாவுக்காகவும்" என்று சேர்த்துச் சொன்னார்.

ஒரு மாடு தப்பினது, அவ்வளவுதான். பெருநாள் வரும், மற்றவர்களும் கன்றுகளோடு வருவார்கள், மூப்பர் வேறு கம்பி அடிப்பிக்கலாம். அடிப்பிக்கட்டும். நான் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பேன், அவர் கம்பியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பேன்.

தொட்டிக்குள் போட்ட பழைய கம்பி என் குசினி அடுப்படியில் இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்துத் துருவெடுத்து வைத்திருக்கிறேன். வருகிற பெரிய வெள்ளிக்கு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன், குளிர்ந்த இரும்பாக. முழங்காலில் நின்று முதல் முத்தி நான் செய்வேன். பிறகு அதை மூப்பரிடம் நீட்டுவேன். இனி அந்தச் சிலுவை உதட்டைத் தவிர வேறு ஒரு உடம்பிலும் படாது, இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

உன்னைப் போலப் பொறுக்கத் தெரியாத,
உன் ஒரே தங்கச்சி
திரேசா