மயக்கம் என்ற சொல்

பெரிய காஞ்சிபுரம்,
17.2.1969

அம்மாடி,

நீ என்னோடு சண்டை போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஞாயிற்றுக்கிழமை இங்கே தமிழ் மன்றத்தில் நீ பேசும்போது கடைசி வரிசையில் ஒருத்தர் விழுந்தாரே, அது நான்தான். தறியை நிறுத்திவிட்டு, உன் அம்மாவுக்கும் சொல்லாமல் வந்திருந்தேன்.

'மயக்கம்' என்ற சொல்லுக்கு நீ வேர் சொன்னாய். மயங்குவது என்றால் கலப்பது, பழைய இலக்கணத்தில் எழுத்தோடு எழுத்து சேர்வதே மயக்கம்தான் என்றாய். மனசில் இரண்டு உணர்ச்சிகள் பிரிக்க முடியாமல் கலந்தாலும் ஆள் சாய்ந்துவிடுவான் என்றாய். என்ன தெளிவு, என்ன கம்பீரம்! சபையே அசையாமல் கேட்டது.

பக்கத்திலிருந்த ஐயம்பேட்டைக்காரர், "இன்னாமா பேசுது! யார் வூட்டுப் பொண்ணுபா இது?" என்றார்.

"என் பொண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன். காலேஜ் வேண்டாமென்று உன் புத்தகங்களை நான் தெருவில் வீசியது அதே நொடியில் ஞாபகம் வந்தது. கண் இருட்டிவிட்டது.

தண்ணீர் தெளித்து எழுப்பியவர்களிடம் வெயில் என்றேன். நீ மேடையிலிருந்து இறங்குவதற்குள் கிளம்பிவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு வீட்டுக்கு வாம்மா. பஸ் ஸ்டாண்டில் நானே வந்து நிற்கிறேன்.

உன் அப்பா