வாழைக்குப் போகாத தண்ணீர்

1934 டிசம்பர் 3, திங்கள். செலியமேடு.

குளியல் மறைப்பில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சுவருக்கடியில் வாழைக்குப் போகும் மண்குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. நானே முன்னின்று பதித்த குழாய். பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிற வாத்தியார் வீட்டு லட்சணம் இது!

"குழாயில இன்னா போட்ட?" என்று மனைவி தனக்கொடியைக் கேட்டேன்.

"நான் ஒண்ணும் போடலீங்களே" என்று முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆவணியில் இருபத்தோரு நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். பனி உடம்புக்கு ஆகவில்லையாம்.

டிசம்பர் 4

நான்கு குடம் வெந்நீர் ஊற்றினேன். என் கால்தான் வெந்தது.

டிசம்பர் 5

பக்கத்து வீட்டுச் செங்கமலம் அக்காள் ஒரு வைத்தியம் சொன்னார். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளியவைத்து, அந்த நீரைக் காய்ச்சி ஊற்ற வேண்டுமாம். "எண்ணெப் பிசுக்குன்னா கரைஞ்சிடும் வாத்தியாரே." ஊற்றியிருக்கிறேன்.

சோறு போடும்போது தனக்கொடி சொன்னாள்: "மார்கழி பொறக்கறதுக்குள்ள அம்மா வூட்டுக்குப் போயிடறேன். வர்ற புதன்கெழம பெரிப்பா வண்டி வருது."

எப்போது திரும்புவாய் என்றேன். குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்ன செய்தேன் நான்? கஷாயத்தைத் துப்பினாள் என்று காய்ச்சலின்போது கத்தினேனே, அதுவா? அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

டிசம்பர் 6, வியாழன். பிரெஞ்சுப் பள்ளிக்கு வார விடுமுறை.

பிசுக்கு கரைந்திருந்தது. தண்ணீர் மட்டும் இறங்கவில்லை. மூங்கில் சிம்பின் நுனியைக் கீறி, வாழைப் பக்கமிருந்து குழாய்க்குள் விட்டுத் திருகி இழுத்தேன்.

முடி. முழங்கை நீளத்தில், கைப்பிடி கைப்பிடியாக. இழுக்க இழுக்க வந்தது.

உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கூரை இறவாணத்தில் செருகிவைத்து, சேர்ந்ததும் சவுரி பின்னக் கொடுப்பது இங்கே பெண்களின் வழக்கம். அங்கே செருகினால் என் கண்ணில் படும் என்று குழாயில் தள்ளியிருக்கிறாள். பனியாவது, ஒன்றாவது! மடையன் நான். "கொண்டையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நான்தானே.

எல்லாவற்றையும் எருக்குழியில் புதைத்தேன்.

"இன்னா அடைச்சிருந்துச்சி?" என்று உள்ளேயிருந்து குரல்.

"வாழைச்சருகு" என்றேன்.

டிசம்பர் 8

தோசை வார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "சருகு எவ்ளோ நீளம் இருந்துச்சி?"

மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை. "முழங்கை நீளம்" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். "கொண்டையப் பாத்துத்தான கட்டுனீங்க? அதான் போயிடுச்சே."

"நீ பொழைச்சா போதும்னுதான்டி இருபத்தோரு நாளும் பக்கத்துல கெடந்தேன். அப்ப கொண்டையயா பாத்துக்கினு இருந்தேன்?"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. தோசை கருகிப்போயிற்று.

டிசம்பர் 9, ஞாயிறு

அவள் தலைக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன். உச்சியில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிகிறது. தொடவே பயமாக இருந்தது. "அழுத்தித் தேய்ங்க, போறது போவட்டும்" என்கிறாள்.

வண்டி வர இன்னும் மூன்று நாள்.

டிசம்பர் 12, புதன்

காலையில் அவள் தாய்வீடான நெட்டப்பாக்கத்திலிருந்து வண்டி வந்து நின்றது. போகாதே என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறவளை எப்படித் தடுப்பது?

தலையில் முந்தானை போடாமலே தெருவுக்குப் போனாள். பெரியப்பா அவள் தலையையே பார்த்தார்.

"முடி கொட்டிப்போச்சி பெரிப்பா" என்றாள். "வண்டிய அவுத்துட்டு வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்க. நான் வரல. அவரு பள்ளிக்கூடத்துக்குப் போவணும், இன்னும் சோறு ஆவல."